இரண்டு காமா

கதவுக்கு அந்தப் பக்கம் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் மெஷின் தட்டிக்கொண்டிருந்தது. பதினாறு தட்டு, ஒரு மூச்சு இழுத்து விடுகிற அளவுக்கு ஓய்வு, மறுபடியும் பதினாறு. ஆவுடையப்பன் பிளாஸ்டிக் நாற்காலியில் முழங்கால்களைச் சேர்த்து வைத்து உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தார். எண்ண வேண்டும் என்று நினைத்து எண்ணவில்லை. காதில் விழுவதை மனசு தானாக அடுக்கிக்கொள்ளும். எழுபத்து மூன்று வயதுக்கு மேல் அதை மாற்ற முடியாது. உள்ளே படுத்திருப்பவர் வெளியே வர இன்னும் இருபத்தைந்து நிமிஷம் ஆகும் என்று அந்தப் பெண் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். பர்வீன் என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தாள். குத்தியிருந்தது ஊக்கு அல்ல, பிளாஸ்டிக் கிளிப். அதை அவர் வந்தவுடனே பார்த்துக்கொண்டார். முதுகுப் பக்கம் நாடா கட்டிய நீல அங்கி அவருக்குக் கூச்சமாக இருந்தது. மூன்று நாடாவில் ஒன்று அறுந்திருந்தது. அதனால் சுவரை ஒட்டியே உட்கார்ந்திருந்தார். தலைசுற்றல் மூன்று மாதத்தில் நாற்பத்தோரு தடவை வந்திருக்கிறது என்று டைரியைக் காட்டியபோது டாக்டர் சிரித்தார். "இவ்வளவு கரெக்டா யாரும் சொன்னதில்ல. தலைக்குள்ள ஒரு தடவ பாத்துருவோம்" என்றார். பார்க்கட்டும். என்ன இருந்தாலும் தெரிந்துகொள்வது நல்லது. ஆனால் இப்போது மனசு தலைக்குள் இருப்பதைப் பற்றி நினைக்கவில்லை. பர்வீன் கையெழுத்து வாங்கிக்கொண்டு போன படிவத்தில் போய் மாட்டிக்கொண்டு நின்றது. பத்தொன்பது கேள்விகள். பல் செட் உண்டா என்பதற்கு மட்டும் 'உண்டு'. மீதி பதினெட்டுக்கும் 'இல்லை'. பதினாறாவது கேள்வி என்ன? கண்ணில் எப்போதாவது இரும்புத்தூள், உலோகத் துகள் பட்டதுண்டா. இல்லை. கேள்வியைப் படித்து முடிப்பதற்கு முன்பே கை எழுதிவிட்டது. இரும்பு என்ற சொல்லைப் பார்த்ததும் இல்லை என்று எழுதாமல் அந்தக் கையால் இருக்க முடியாது.

முப்பத்தோரு வருஷம் அந்தக் கைக்கு அதுதான் வேலை. ஊருக்கு வெளியே, பனங்காட்டுக்கு நடுவில், காந்த ஆபீஸ். பூமியின் காந்தம் இன்றைக்கு எவ்வளவு என்று அளப்பதற்கு ஒரு ஆபீஸ் இருக்கிறது என்று சொன்னால் சொந்தக்காரர்கள் நம்பவில்லை. நேற்றைக்கு இருந்ததுதானே இன்றைக்கும் இருக்கும் என்றார்கள். இருக்காது. நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும். அதை அளக்கிற சின்ன அறையைத் தேக்கு மரத்தாலும் சுண்ணாம்பாலும் கட்டியிருந்தார்கள், ஆணிகூடச் செம்பு. வாசலில் ஒரு பித்தளைத் தாம்பாளம். சாவி, பேனாக்கத்தி, வாட்ச், பெல்ட், செருப்பில் லாடம் இருந்தால் செருப்பு, எல்லாம் அதில் இறங்க வேண்டும். இறக்கிவிட்டு, கூட வேலை பார்க்கிறவன் முகத்தைப் பார்த்து வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: இரும்பு இல்லை. அவன் அதைக் கேட்டுப் பதிவேட்டில் எழுதிய பிறகுதான் உள்ளே போகலாம். வாரத்துக்கு இரண்டு நாள், நாளுக்கு இரண்டு வேளை. முப்பத்தோரு வருஷத்துக்கு மூவாயிரத்து இருநூற்று இருபத்து நான்கு நாள். லீவு போட்டது நூற்று எழுபத்திரண்டு போனால் மூவாயிரத்து ஐம்பத்திரண்டு. ரெட்டித்தால் ஆறாயிரத்து நூற்று நான்கு. ஆறாயிரத்து நூற்று நான்கு தடவை சொல்லியிருக்கிறார். ஒரு வருஷம் குடும்பங்களைக் கூட்டி வந்து காட்டச் சொன்னார்கள். மனைவி செண்பகவல்லி தாலிச் சங்கிலியில் கோத்திருந்த ஊக்குகளைக் கழற்ற மாட்டேன் என்று வேலிக்கு வெளியிலேயே நின்றுவிட்டாள். "ஊக்கு இல்லாம நான் ஒரு அடி எடுத்து வைக்க மாட்டேன். எந்நேரம் எது பிய்யும்னு யாருக்குத் தெரியும்?" அப்போது நான்கு ஊக்கு. இப்போதும் நான்குதான். அதோ, தரையில் போட்டிருக்கிற மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம், அவருடைய சட்டையையும் வேட்டியையும் மடித்து மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாலேயே என்ன என்று கேட்கிறாள். ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டினார். தட்டல் மாறியிருந்தது. இப்போது அடித்தொண்டையில் இரைகிற மாதிரி ஒரே ஓசை.

உளியின் தலையில் சுத்தியல் விழுந்தால் இப்படி இரையாது. டங்கென்று ஒரு சொல், அவ்வளவுதான். ஆலங்குளம் சாலையில் மாமாவின் கொல்லுப்பட்டறை. பதினேழு வயது. ஒரு உச்சிவேளையில் பழைய வண்டிப்பட்டையை வெட்டிக்கொண்டிருந்தபோது உளித்தலையிலிருந்து என்னவோ தெறித்தது. வலது கண். வலி என்று சொல்ல முடியாது, யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்தது. பிறகு தண்ணீராகக் கொட்டியது. அத்தை இமையைப் புரட்டிச் சேலை நுனியால் துழாவினாள். எதிர்வீட்டில் பிள்ளை பெற்றிருந்த அக்கா சங்கில் பால் பீய்ச்சிக் கொடுத்தாள்; அதைக் கண்ணில் விட்டார்கள். காலையில் மூன்று சொட்டு, மாலையில் மூன்று சொட்டு, இரண்டு நாள். மூன்றாம் நாள் சிவப்பு வடிந்துவிட்டது. "பாலோட பாலா வெளிய வந்துட்டுடே. போய்த் துருத்தியப் பிடி" என்றார் மாமா. ஆவுடையப்பன் தலையணையைத் தேடினார், பாயை உதறினார், சங்கைக் கவிழ்த்துப் பார்த்தார். வெளியே வந்தது என்றால் எங்கே? வந்ததை யாரும் பார்க்கவில்லை. போனதையாவது யாரும் பார்த்தார்களா என்று மாமா கேட்டிருந்தால் அதற்கும் பதில் இல்லை. கண் நன்றாகத் தெரிந்தது, அதனால் விட்டுவிட்டார்கள். அவரும் விட்டுவிட்டார். விட்டுவிட்டார் என்றுதான் நினைத்திருந்தார். படிவத்தில் அதை எழுதியிருக்கலாம். இப்போது எழுந்து போய்ச் சொல்லலாம். சொன்னால் அந்தப் பெண் என்ன சொல்வாள்? இந்த அங்கியில் எப்படி எழுந்து நடப்பது? ஐம்பத்தாறு வருஷத்துக்கு முந்தி ஒரு தூசி பட்டது, அம்மா, அது உள்ளே இருக்கிறதா இல்லையா என்று தெரியாது, அம்மா. இதைப் போய் ஒரு பேச்சாகப் பேசுவதா? உள்ளே ஓசை நின்றது. மறுபடி பதினாறு.

வந்தவுடன் அவளிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருந்தார். மெஷின் எவ்வளவு சக்தி? ஒன்றரை டெஸ்லா என்றாள், யாரும் கேட்காததைக் கேட்கிறாரே என்று பார்த்துவிட்டு. ஒரு டெஸ்லா என்றால் நூறு கோடி காமா. காமா என்பது அவர்கள் ஆபீஸ் அளவு. இந்தப் பகுதியில் பூமியின் காந்தத்தை நாற்பதாயிரம் பங்கு போட்டால் ஒரு பங்கு. இந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் நூற்றைம்பது கோடி. அவர் இரண்டு காமாவுக்காகத் தூங்காமல் கிடந்தவர். ஆமாம், இரண்டு. கூட வேலை பார்த்த ஞானசிகாமணி நாற்பதாயிரத்து நூற்றுப் பதினெட்டு என்று அளந்தால், அதே கருவியில், பத்து நிமிஷம் கழித்து, இடையில் பூமி மாறியதையெல்லாம் கழித்துப் பார்த்தால் அவருக்கு நாற்பதாயிரத்து நூற்று இருபது வரும். எப்போதும் கூடுதல், எப்போதும் இரண்டு. கருவியை மாற்றிப் பார்த்தார்கள். வித்தியாசம் கருவியோடு போகவில்லை, அவரோடு வந்தது. அரைஞாணைப் பார்த்தார்கள், வெள்ளி. அப்போது எல்லாம் சொந்தப் பல். ஒருநாள் குளித்து, ஈர வேட்டியோடு உள்ளே போய் அளந்தார். இரண்டு. "உம்ம ரத்தத்துலதான்வே இரும்புச்சத்து ஜாஸ்தி. வீட்டுல முருங்கக்கீரை போடுதாளோ?" என்றான் ஞானசிகாமணி. அவன் கேலிக்குச் சொன்னதை இவர் வீட்டில் வந்து கேலி என்று சொல்லாமல் சொல்ல, செண்பகவல்லி மூன்று மாதம் முருங்கைக்கீரையே சமைக்கவில்லை. இரண்டு அப்படியே இருந்தது. கடைசியில் பதிவேட்டில் அதற்கு ஒரு பத்தி ஒதுக்கினார்கள். ஆவுடையப்பன் வித்தியாசம் என்று பெயர். ஒரு மனுஷனுக்குத் தன் பெயரில் ஊரில் தெரு இருக்கலாம், குளம் இருக்கலாம். அவருக்கு ஒரு பிழை இருந்தது. யாரும் திட்டவில்லை. ஒழுங்கான பிழை, கழித்துக்கொள்ளலாம் என்றார்கள். அதுதான் கூடுதலாக உறுத்தியது. கண்ணில் தூசி மாதிரி என்று சொல்வார்களே, அப்படி.

அப்படி. மனசு அங்கே இடறி, எதில் இடறியது என்று பார்க்காமல் நகர்ந்தது. மைதிலி அம்மாவிடம் போயிற்று. டாக்டர் மைதிலி, ஆபீஸில் ஆராய்ச்சி செய்தவர், ஒரு குளிர்காலம் முழுக்க வடதுருவத்துப் பக்கம் போய் இருந்துவிட்டு வந்தவர். ஆவுடையப்பனிடம் தானாகப் பேசியவர்கள் அந்த ஆபீஸில் இரண்டு பேர். ஒன்று வாட்ச்மேன், இன்னொன்று அந்த அம்மா. ஒரு மார்ச் மாதத்துக் காந்தப் புயலின் பதிவை மேஜையில் விரித்து, கோடு முழுக்க நடுங்கிக் கிடந்த இடத்தில் விரலை வைத்து, "நீங்க உக்காந்து அளந்தீங்களே, இந்த நடுக்கம், அன்னைக்கு அங்க வானம் முழுக்கப் பச்சையா எரிஞ்சிருக்கு" என்றார். இங்கே நடுக்கம், அங்கே வெளிச்சமா? அவர் அதுவரை ஒளி எதையும் பார்த்ததில்லை, பார்த்ததெல்லாம் கோடு. அந்த அம்மா விளக்கினார். சூரியனிலிருந்து மின்னேறிய துகள்கள் காற்று மாதிரி வந்துகொண்டே இருக்கின்றன. பிளாஸ்மா. பூமியைச் சுற்றிக் காந்தக்கோடுகள் இழுத்துக் கட்டிய கம்பி மாதிரி நிற்கின்றன. காற்று மோதினால் கம்பி அதிரும். அதிர்வு கம்பி வழியே துருவத்தைப் பார்த்து ஓடி வரும். "காத்தே இல்லாத எடத்துல அலையாம்மா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். "காத்து இல்ல சார், ஆனா காந்தம் இருக்கே. அந்த அலையில எலக்ட்ரான் ஏறி வரும். எல்லா எலக்ட்ரானும் ஏறிட முடியாது. சும்மா நிக்கிறவன் ஓடுற பஸ்ல ஏற முடியுமா? பஸ்ஸோட வேகத்துக்குக் கிட்டத்தட்ட ஓடிட்டிருக்கவன்தான் கம்பியப் புடிப்பான். புடிச்சவனை அலை இழுத்துட்டு வந்து மேல்காத்துல மோத விடும். மோதுன எடம் ஒளிரும்." பிறகு இன்னொன்றும் சொன்னார், அதுதான் அவருக்கு இரண்டு நாள் விளங்கவில்லை. பெரிய அலை பெரிதாகவே வந்தால் வேலைக்காகாது. கொந்தளித்து, உடைந்து, சின்ன அலையாகி, அதுவும் உடைந்து, துகள் வாங்கிக்கொள்கிற அளவுக்குச் சின்னதாக வேண்டும். மூன்றாம் நாள் டீ குடிக்கும்போது, டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஆறு, அணைக்கட்டு, கால்வாய், மடை, வாய்க்கால், பாத்தி. ஆத்தத் திருப்பி அப்படியே வயல்ல விட்டா நெல்லு குடிக்காதுல்லம்மா, அடிச்சிட்டுப் போயிரும்." மைதிலி அம்மா டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். வெளிநாட்டில் கூட்டத்தில் பேசும்போது அதைத்தான் சொன்னேன் என்று பின்னால் வந்து சொன்னார். ஆவுடையப்பன் வாழ்க்கையில் அப்படி இன்னொரு டீ இல்லை. அதே அம்மாதான் அந்தப் புயல் நாளின் அட்டவணை அச்சானபோது அடியில் ஒரு நட்சத்திரக் குறி போட்டார். ஆ. அளவீடுகள் சேர்க்கப்படவில்லை. சரிதான். இரண்டு காமாவில் நிற்கிற கணக்கில் இரண்டு காமா பிழைக்காரனை எப்படிச் சேர்ப்பது? அவராக இருந்தாலும் நட்சத்திரம்தான் போட்டிருப்பார். ஆனாலும் அந்தப் பக்கத்தை இன்றுவரை அவர் இரண்டாம் தடவை திறக்கவில்லை.

கண்ணில் தூசி மாதிரி. இந்தத் தடவை மனசு நின்றுவிட்டது. மெட்ராஸ் ஐ. ஒரு புரட்டாசியில் வலது கண் ஒட்டிக்கொண்டு பதினோரு நாள் திறக்கவில்லை. லீவு போடச் சொன்னார்கள், போடவில்லை. மூன்று நாள் முறை வந்தது. கருவியின் குழலில் இடது கண்ணை வைத்து அளந்தார். ஞானசிகாமணி குழலை ஸ்பிரிட் போட்டு ஐந்து தடவை துடைத்தான். பிறகு கணக்குப் பார்த்தான். வித்தியாசம் ஒன்றுக்கும் கீழே. மூன்று நாளும் அப்படியே. "மெட்ராஸ் ஐ வந்தாத்தான் உமக்குக் கண்ணு தெரியுதுவே!" என்று ஆபீஸ் முழுக்கக் கேட்கச் சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள், இவரும் சிரித்தார். கண் ஆறியது, வலது கண்ணுக்கே திரும்பினார், இரண்டும் திரும்பி வந்தது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. குழலின் மேலேதான் காந்தத்தை உணரும் துண்டு உட்கார்ந்திருக்கும். அளப்பவன் கண்ணுக்கும் அதற்கும் நடுவே நான்கு விரல் தூரம். மூக்குக் கண்ணாடிச் சட்டத்தில் ஒரு திருகாணி இரும்பாக இருந்தால்கூட அளவு ஆட்டம் கண்டுவிடும். நான்கு விரல். கண்ணுக்குள்ளே ஒரு சில்லு இருந்தால்? கணக்கு ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தது, வரிசை தப்பாமல். எப்போதும் கூடுதல்: ஏனென்றால் எப்போதும் அதே கண், அதே இடம். கருவியோடு போகவில்லை. கீரையோடு போகவில்லை. இடது கண்ணுக்கு நகர்ந்தால் தூரம் கூடுகிறது, வித்தியாசம் குறைகிறது. பாலோடு பாலாக வரவில்லை, மாமா. வரவே இல்லை. ஆறாயிரத்து நூற்று நான்கு தடவை இரும்பு இல்லை என்று சொன்னபோதும் இரும்பு அவர் முகத்திலேயே இருந்து, எதிரில் நின்றவனைப் பார்த்துக்கொண்டிருந்தது. சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியில் கதவைப் பார்த்தது. கதவில் ஒரு வாசகம்: காந்தம் எப்போதும் இயங்கிக்கொண்டிருக்கிறது. தட்டல் நின்றாலும் அது நிற்காது. நான்கு விரல் தள்ளி இருக்கும் துண்டுக்கு இரண்டு காமா காட்டிய சில்லு, நூற்றைம்பது கோடிக்குள் போனால் என்ன செய்யும்? இழுத்த பக்கம் திரும்பும். கண்ணுக்குள்ளே திரும்பும். ஐம்பத்தாறு வருஷம் சும்மா நின்றவன் இப்போது பஸ் பிடிக்கப் போகிறான். மோதுகிற இடம் ஒளிரும், அதன் பிறகு ஒன்றும் தெரியாது. இல்லை, இல்லாமலும் இருக்கலாம். எல்லாம் கிழவனின் கணக்கு. சொல்லாவிட்டால் கண் போகலாம். சொன்னால் ஆறாயிரத்து நூற்று நான்கும் பொய் என்று அவர் வாயாலேயே ஆகும். யாரிடம் ஆகும்? யார் கேட்கிறார்கள்? தாம்பாளம் எந்த மூலையில் கிடக்கிறதோ. ஞானசிகாமணிக்குக் காது கேட்பதில்லை என்று போன மாதம் யாரோ சொன்னார்கள். கேட்கிறவர் ஒருவர் இருந்தார், இந்த நாற்காலியில், அறுந்த நாடாவோடு.

தட்டல் நின்றது. எட்டு, ஒன்பது, பத்து என்று ஓய்வை எண்ணினார். நிற்கவே நின்றுவிட்டது. கதவு திறந்து ஒருவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே போனார். பர்வீன் அட்டையில் படிவத்தோடு வந்து நின்றாள். "வாங்கய்யா. பல் செட்டக் கழட்டிட்டீங்கல்ல? கடைசியா ஒரு தடவ கேட்டுக்கிடுதேன். ஒடம்புல இரும்பு எதுவும்..."

"இரும்பு இல்லை" என்றது வாய்.

அவர் சொல்லவில்லை, வாய் சொன்னது. பல் இல்லாமல், காற்றோடு. ஆறாயிரத்து நூற்று ஐந்து. அவள் தலையாட்டிவிட்டுக் கதவைத் தோளால் தள்ளிப் பிடித்துக்கொண்டாள். உள்ளே வெள்ளையாக ஒரு வட்டம், நடுவில் ஓட்டை. ஆவுடையப்பன் எழுந்தார். ஒரு அடி, இரண்டு, மூன்று. வாசற்படியில் வலது கால் நின்றது. கை தானாக நிலையைப் பிடித்தது.

"அம்மா. தப்பாச் சொல்லிட்டேன்."

"எது?"

"இரும்பு இருக்கு."

பர்வீன் இரண்டு கையாலும் அவரைப் பின்னுக்குத் தள்ளிக் கதவைச் சாத்தினாள். "என்னய்யா நீங்க! இதயா இப்பச் சொல்லுவீங்க? எங்க இருக்கு?"

"வலது கண்ணுல. உளிச் சில்லு. அம்பத்தாறு வருஷம் ஆச்சு. ஆபீஸ்ல என் கணக்கு இடிச்சதும் அதாலதான்."

மஞ்சள் கோட்டை மறந்து செண்பகவல்லி ஓடி வந்தாள். பர்வீன் அவளுடைய ஊக்குகளைப் பார்த்து, "ஆச்சி, அங்கயே நில்லுங்க!" என்று கத்தினாள். நின்ற இடத்திலிருந்தே செண்பகவல்லி கேட்டாள்: "எந்தச் சில்லு? அந்த ரெண்டு ரெண்டுன்னு ராத்திரியெல்லாம் பொலம்புவீங்களே, அதுவா?"

"அதேதான்."

"அப்ப கீரை மேல தப்பில்லையா?"

"இல்ல."

"மூணு மாசம்" என்றாள் அவள். அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை. "மூணு மாசம் கொல்லையில அவ்வளவு கீரையையும் மாட்டுக்குப் போட்டேன்."

பர்வீன் போனை எடுத்து, கண்ணுக்கு ஒரு எக்ஸ்ரே எடுக்க வேண்டும், அதுவரை இவரை உள்ளே விடக்கூடாது என்று யாரிடமோ சொன்னாள். பிறகு படிவத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். கோபம் கொஞ்சம் இறங்கியிருந்தது. "எவ்வளவு பெருசு இருக்கும்யா? தோராயமாச் சொல்லுங்க, எழுதிக்கிடணும்."

ஆவுடையப்பனுக்குத் தோராயமாகச் சொல்லிப் பழக்கமில்லை. அளந்த ஒன்றைத்தான் சொல்ல முடியும். "ரெண்டு காமா" என்றார்.

"ரெண்டு என்னது?"

அவர் படிவத்துக்காகக் கையை நீட்டினார். படிவத்தையும் பேனாவையும் கொடுத்தாள். பதினாறாவது கேள்வி. எழுதியதை அழிக்கக்கூடாது, கிறுக்கி மறைக்கக்கூடாது. முன்பு என்ன எழுதியிருந்தது என்பது பின்னால் பார்க்கிறவனுக்குத் தெரிய வேண்டும். ஒரே ஒரு கோடு. 'இல்லை'யின் மேல் நேராக அதை இழுத்தார். அதற்கு மேலே, சின்ன எழுத்தில், 'உண்டு' என்று எழுதினார். பக்கத்தில் 'ஆ.' என்று சுருக்கொப்பம். சுவர்க் கடிகாரத்தை அண்ணாந்து பார்த்தார். பதினொன்று நாற்பத்திரண்டு. ஐந்தரை மணி நேரத்தைக் கழித்து, உலகத்தில் எல்லா காந்த ஆபீஸும் எழுதுகிற பொது நேரத்தில், 06.12 என்று எழுதி அடியில் ஒரு புள்ளி வைத்தார்.